எமனோவின் எச்-இண்டெக்ஸ் என்ன?

கேள்வி, ஜூன் 2

மொழியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மொழியியலாளரின் ஆய்வுத் தாக்கத்தை அளந்து காட்டச் சொல்லி ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். நான் திராவிட மொழிகளை ஆராய்ந்த எம். பி. எமனோவை எடுத்துக்கொண்டேன். கூகுள் ஸ்காலரில் அவருக்குப் பக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தளத்தில் தேடினால் சொற்பம்தான் வருகிறது. எங்கள் கல்லூரியில் போன வருடம் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்கு அதைவிட அதிகம் காட்டுகிறது. எண்ணோடு வாதாட முடியாது, எமனோவின் தாக்கம் குறைவு என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. யார் யாரோடு சேர்ந்து எழுதினார் என்று கோடு போட்டுக் காட்டும் கூட்டாய்வு வலைப்படமும் வரையச் சொல்கிறார்கள். இவருக்கு, அகராதியைச் சேர்ந்து எழுதிய தாமஸ் பர்ரோவை விட்டால் ஆளே இல்லை போலிருக்கிறது. வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில், ஜூன் 2, இரவு

வேண்டாம், எமனோவே இருக்கட்டும். எண்ணோடு தாராளமாக வாதாடலாம். எங்கிருந்து வந்தாய் என்று அதைக் கேட்டாலே பாதி வாதம் முடிந்துவிடும்.

பக்கம் இல்லாததில் மர்மம் ஒன்றுமில்லை. கூகுள் ஸ்காலர் பக்கத்தை அந்தந்த ஆய்வாளர்தான் கணக்குத் தொடங்கித் திறக்க வேண்டும். அந்த வசதி வந்தது 2011-ல். எமனோ 2005 ஆகஸ்ட் 29 அன்று, 101 வயதில் காலமானார். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் பற்றிய தன் கட்டுரையை இணையத்தில் ஏற்றியதும் அதே 2005 ஆகஸ்டில்தான். அந்த அளவுகோலோடு மனிதர் ஒரு மாதம்கூட முழுதாக வாழவில்லை.

ஜூன் 3

எச்-இண்டெக்ஸை எல்லோரும் சொல்கிறார்கள், கையால் ஒரு தடவை போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒருவருடைய வெளியீடுகளில் எச் எண்ணிக்கையானவை ஒவ்வொன்றும் குறைந்தது எச் மேற்கோள் பெற்றிருக்க வேண்டும்; அப்படி அமையும் மிகப் பெரிய எண்தான் எச். போட்டுப் பார்ப்போம்.

கற்பனையாக ஒருவர். ஏழு வெளியீடுகள். அவற்றை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை, பெரியதிலிருந்து சிறியதாக: 900, 120, 14, 6, 5, 3, 2. வரிசை எண்ணையும் மேற்கோள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இறங்குங்கள். ஐந்தாவதுக்கு 5 இருக்கிறது, சரி. ஆறாவதுக்கு 3தான் இருக்கிறது, நின்றுவிட்டது. எச் = 5. முதல் புத்தகத்துக்கு 900 பதிலாக 9000 வந்திருந்தாலும் அதே 5. ஒரே ஒரு மேற்கோள் வந்திருந்தாலும் பெரிதாக மாறாது: புத்தகம் வரிசையில் கீழே போகும், எச் நாலாகக் குறையும், அவ்வளவே. 900-க்கும் ஒன்றுக்கும் இந்த அளவுகோலில் வித்தியாசம் ஒரே ஒரு படி.

இதைச் சரிக்கட்டத்தான் லியோ எக்கே 2006-ல் ஜி-இண்டெக்ஸ் கொண்டுவந்தார். மேலிருந்து கூட்டிக்கொண்டே வந்து, கூட்டுத்தொகை வரிசை எண்ணின் வர்க்கத்துக்குக் குறையாமல் இருக்கும்வரை போவது. நம் ஆளுக்கு மொத்தம் 1050. ஏழின் வர்க்கம் 49. ஏழு வரை சுலபமாகப் போய்விடுகிறார், அதற்குமேல் எண்ண வெளியீடு இல்லை.

எமனோ மாதிரி ஆட்களின் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும். தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் புத்தகங்கள் சில. அப்புறம் நீளமான வால். 1944 முதல் 1946 வரை நான்கு பாகங்களாகக் கோத்தர் மொழிக் கதைகள். 1955-ல் கோலாமி இலக்கணம். 1961-ல் பர்ரோவோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பு அகராதி. 1971-ல் தோடர் பாடல்கள், கையில் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் புத்தகம். 1984-ல் அவருக்கு 80 வயது. அந்த ஒரே வருடத்தில் அகராதியின் இரண்டாம் பதிப்பும் தோடா இலக்கணமும் வெளிவந்தன. ஒரு பாடலுக்கு ஒரு கட்டுரை என்று தோடர் பாடல்களைப் பிய்த்துப் போட்டிருந்தால் எச் எங்கோ போயிருக்கும்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

கீழே ஒருவர் ‘அவருக்கு யாரும் ஆலோசனை சொல்லவில்லை போலும்’ என்று எழுதியிருக்கிறார். இன்றைக்கு இருந்திருந்தால் ஆலோசனை சொல்லவே ஒரு அலுவலகம் இருந்திருக்கும்.

ஜூன் 5

ஸ்கோபஸ் ஏன் சொற்பமாகக் காட்டுகிறது என்பதற்கு வருகிறேன். ஸ்கோபஸ் 2004-ல் எல்செவியர் பதிப்பகம் தொடங்கியது. அதன் பிடிமானம் ஆய்விதழ்களில். வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு மேற்கோள் தளம் அதற்கும் மூத்தது, 1964-ல் யூஜீன் கார்ஃபீல்ட் அச்சில் கொண்டுவந்த அறிவியல் மேற்கோள் அட்டவணையின் வாரிசு. கலை, மனிதப் பண்பியல் (ஹியூமானிட்டீஸ்) துறைகளுக்கான அட்டவணை 1978-ல்தான் வந்தது. புத்தகங்களுக்கென்று தனி அட்டவணை 2011 வரை கிடையாது. ஆளோ புத்தகமாக எழுதித் தள்ளியவர்.

இங்கே ஒரு நுணுக்கம். தேடலில் ‘ஆசிரியர்’ என்று கொடுத்தால் அந்தத் தளம் முழுதாகப் பதிந்து வைத்திருக்கும் கட்டுரைகள் மட்டும் வரும். வெப் ஆஃப் சயின்ஸில் ‘மேற்கோள் காட்டப்பட்டவை’ என்று வேறொரு தேடல் இருக்கிறது. அதில்தான், அந்தத் தளத்துக்குள் இல்லாத பழைய புத்தகங்களும், மற்றவர்களின் உசாத்துணைப் பட்டியலில் வந்திருந்தால், தலைகாட்டும். உங்கள் கல்லூரியில் சந்தா இருந்தால் முதலில் அங்கே போங்கள்.

போனதும் இன்னொரு சங்கடம் காத்திருக்கும். அப்படித் தலைகாட்டும் புத்தகங்களுக்கு முதல் ஆசிரியரின் பெயரை மட்டுமே அந்த முறை பதிந்து வந்தது. அகராதியின் அட்டையில் ஆங்கில அகரவரிசைப்படி பர்ரோ முதலில், எமனோ இரண்டாவது. ஆகவே எமனோவின் பெயரைப் போட்டுத் தேடினால், அவர் வாழ்நாளின் மிகப் பெரிய வேலை கண்ணிலேயே படாது. பர்ரோவின் பெயரில் தேட வேண்டும். அதிலும் ‘தாமஸ்’ என்று முழுதாக ஒன்று, வெறும் முதலெழுத்தோடு ஒன்று, 1961 என்று, 1984 என்று, சிலர் மறுபதிப்பு ஆண்டைப் போட்டு வேறு ஆண்டில் என்று ஒரே நூல் பல துண்டாகக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியதுதான். கூகுள் ஸ்காலரிலும் இதே சில்லறைதான்.

இதற்கும் மேலே ஒன்று. திராவிட மொழியியல்காரர்கள் அந்த அகராதியைப் பெரும்பாலும் பெயர் சொல்லியே குறிப்பிடுவதில்லை. அகராதியின் இரண்டாம் பதிப்புக்கான ஆங்கிலச் சுருக்கத்தையும் பதிவு எண்ணையும் மட்டும் வைத்து ‘டிஇடிஆர் 4885’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். துறைக்குள் இருப்பவருக்கு அது மீன் என்று தெரியும். சிந்துவெளி மீன் குறியீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த எண்ணைத் தொடாமல் போவது அரிது. இப்படி ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல் எண்ணிட்ட பதிவுகள் உண்டு. ஒரு நூலில் அகராதி எண்ணை இருநூறு இடத்தில் பயன்படுத்தியிருப்பார்கள். அகராதியின் முழுப் பெயர் எங்கே இருக்கும்? முன்பக்கத்துச் சுருக்கக் குறியீடுகள் பட்டியலில். சைட்டேஷன், அதாவது மேற்கோள், எண்ணும் இயந்திரம் படிப்பது கடைசிப் பக்கத்து உசாத்துணைப் பட்டியலை. இருநூறு தடவை பயன்படுத்தியது பூஜ்ஜியமாகப் பதிவாகும். பட்டியலில் ஏறியிருந்தாலும் ஒன்றாகத்தான் பதிவாகும்.

ஆங்கில விக்சனரியில் தமிழ்ச் சொற்களின் பிறப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள், அங்கேயும் அகராதியைக் காட்டியிருப்பார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் முழு நூலும் தேடக் கிடைக்கிறது. இணையத்தில் ‘இந்தச் சொல் வடமொழியா தமிழா’ என்று நடக்கிற சண்டைகளில் பாதி, இரண்டு தரப்பும் அங்கே போய் ஒட்டிக்கொண்டு வருகிற வரிகளால்தான் ஓடுகிறது. அதையெல்லாம் யார் எண்ணப் போகிறார்கள்.

ஜூன் 6

பெயர் விவகாரம் கேட்டிருக்கிறீர்கள். எமனோ பாக்கியசாலி, அந்தக் குடும்பப்பெயர் அபூர்வம். நம் ஆட்களின் கதையைப் பாருங்கள்.

பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. பத்ரிராஜு குடும்பப்பெயர், கிருஷ்ணமூர்த்தி அவருடைய பெயர். ஆங்கில வழக்கப்படி கடைசியில் வருவதைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு ‘கிருஷ்ணமூர்த்தி, பி.எச்.’ என்று போடுகிறார்கள். அவரும் அப்படியே கையெழுத்திட்டார். பட்டியலிடுகிற சிலர் தெலுங்கு முறையைத் தெரிந்துகொண்டு ‘பத்ரிராஜு, கே.’ என்று திருத்துகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்த திருத்தம் ஆளை இரண்டாக்கிவிடுகிறது. பி. எஸ். சுப்ரமண்யம், வ. அய். சுப்பிரமணியம் இருவரையும் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பது அட்டவணைக்குத் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

தமிழ்நாட்டில் முதலெழுத்து அப்பாவின் பெயர். பாஸ்போர்ட்டுக்காக அதை விரித்து எழுதியதும் அப்பா குடும்பப்பெயராகிவிடுகிறார். என் முதல் ஆங்கிலக் கட்டுரை அச்சானபோது ஆசிரியர் என்று நின்றது என் அப்பா. வாழ்நாள் முழுக்க மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒலியனியல் பற்றிய அந்தக் கட்டுரைக்கு வந்த மூன்று மேற்கோளும் இன்றுவரை அவர் கணக்கில்தான் இருக்கின்றன. சொன்னபோது, ‘வட்டி எதுவும் வருமா?’ என்று கேட்டார்.

எதிர்ப்பக்கமும் நடந்தது. என் பெயரும் முதலெழுத்தும் கொண்டவர்கள் தெருவுக்கு நாலு பேர். ஒரு சமயம் ஏதோ ஒரு வேதியியல்காரரின் கட்டுரைகளை ஒரு தளம் என் தலையில் கட்டிவிட்டது. ஒரே இரவில் நான் நானோ துகள் நிபுணர். நீக்கச் சொல்லி எழுதுவதற்குள் சக ஊழியர் ஒருவர் கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். 2012-ல் வந்த ஆர்க்கிட் எண், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண், இதற்குத்தான் மருந்து, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது உயிரோடிருப்பவர் தானே பதிந்துகொள்ள வேண்டியது. எமனோவுக்கு உதவாது.

ஜூன் 6, மறுபடி

கல்லூரி ஆசிரியர்களின் வெளியீடுகளுக்கு யுஜிசி மதிப்பெண் போடும் கணக்குப்படி எமனோவுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். போட்டுத்தான் பார்ப்போமே.

2018 விதிமுறையில் பன்னாட்டுப் பதிப்பகத்தில் வந்த நூலுக்கு 12. ஆசிரியர்கள் இருவர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம். ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரெண்டன் அச்சகம் பன்னாட்டுப் பதிப்பகம் என்று நம் கமிட்டி ஒப்புக்கொண்டால், திராவிடச் சொற்பிறப்பு அகராதிக்கு எமனோவுக்கு 8.4.

மொழித் துறைகளில், மதிப்பாய்வுள்ள இதழில் வந்த கட்டுரைக்கு 10. 1956-ல் ‘லாங்குவேஜ்’ இதழில், இந்தியா முழுவதும் ஒரு மொழிப் பரப்பு என்று தனியாக எழுதினாரே, அந்தப் பதினாலு பக்கம், அதற்கு முழுசாக 10.

பதினாலு பக்கம், ஒரு மொழிக் குடும்பத்தின் அகராதியைவிட 1.6 கூடுதல். எமனோவின் அந்தக் கட்டுரையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எடை போட வேண்டிய வேறு சங்கதி, பிறகு வருகிறேன்.

ஜூன் 9

இன்று தமிழ்ப் பக்கம்.

எங்கள் நூலகத்தில் எழுபதுகள், எண்பதுகளின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. தட்டச்சு செய்து, பழுப்புக் காலிகோ கட்டுப்போட்டவை. ஒன்றை எடுத்தேன். தலைப்பு வட்டார வழக்கு பற்றியது. மூன்றாம் இயலில் அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு பர்ரோ-எமனோ. முதல் இடத்தில் முழுப் பெயர், பிறகு வரிசையாக ‘மேலது’, ‘மேலது’, நடுவில் வேறொரு நூல் புகுந்துவிட்டால் ‘முன்னர்க் குறித்த நூல்’. மனிதக் கண்ணுக்கு அது எந்த நூல் என்று பக்கத்தைப் புரட்டினால் தெரியும். எந்த இயந்திரமும் இந்த அலமாரியைப் பார்த்ததே இல்லை.

சரி, கணினிக் காலத்தில் வந்தவை? தொண்ணூறுகளிலிருந்து தமிழ்க் கட்டுரைகள் ஏராளம் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்து பிடிஎஃப் ஆனவை. கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால் தேடுபொறி படிப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எமனோவின் பெயர் அதில் என்ன கோலத்தில் இருக்கும் என்று நீங்களே அடித்துப் பாருங்கள். இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணும் கிடையாது. டிஓஐ இல்லாவிட்டால், அந்த எண்களைப் பதிந்து வைக்கும் கிராஸ்ரெஃப் கணக்கில் அந்தக் கட்டுரை பிறக்கவே இல்லை.

இந்திய ஆய்வேடுகளுக்கான இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறியிருக்கும் ஆய்வேடுகளில் சிலவற்றை உருவமாக மட்டும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அவையும் இதே கதிதான்.

எனவே கட்டுரையில் ஒரு பத்தி இப்படி எழுதுங்கள்: எந்த மொழிகளைப் பற்றி எமனோ எழுதினாரோ அந்த மொழிகளில் அவரைப் பயன்படுத்தியவர்களை இந்தத் தளங்கள் பார்ப்பதில்லை. வெறுமனே சொல்லாமல் பத்து ஆய்வேடுகளை எடுத்துக் கையால் எண்ணி ஒரு அட்டவணை போடுங்கள். உங்கள் கல்லூரி நூலகத்திலேயே கிடைக்கும். அந்த ஒரு அட்டவணைக்காகவே உங்கள் ப்ராஜெக்ட்டைப் படிக்கலாம்.

ஜூன் 11

‘அப்படியென்றால் சைட்டேஷன் எல்லாம் பம்மாத்து, விட்டுத் தள்ளுங்கள்’ என்று மூன்று பேர். நான் அப்படிச் சொல்லவில்லை. நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருந்ததில் அப்படித் தொனித்திருக்கலாம்.

எண்ணிக்கையில் உருப்படியான செய்தி இருக்கிறது. மொத்தத்தைப் பார்க்காமல் ஆண்டுவாரியாக விரித்துப் பாருங்கள். வேதியியலில் ஒரு கட்டுரை வந்த சில ஆண்டுகளில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். மொழியியலில் பழைய நூல்கள் சாவதில்லை. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856. இன்றைக்கும் உசாத்துணைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. முந்தைய இரண்டு ஆண்டு வெளியீடுகளை மட்டும் வைத்து ஆய்விதழ்களுக்குப் போடும் தாக்கக் காரணி இந்தத் துறையைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. ஆய்வை எண்களால் அளப்பது பற்றி 2015-ல் வந்த லைடன் அறிக்கை, துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறு, வட்டாரம் சார்ந்த ஆய்வைக் காப்பாற்றுங்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. நம் கமிட்டிகளில் அதைப் படித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

யார் காட்டுகிறார்கள், எதற்குக் காட்டுகிறார்கள் என்பது இன்னொன்று. டேவிட் மெக்ஆல்பின் 1981-ல், பண்டைய ஈரானில் வழங்கிய எலாமிய மொழியும் திராவிடமும் ஒரே வேர் என்று ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். அதை மேற்கோள் காட்டுகிற மொழியியலாளர்களில் பலர் ‘இது நிறுவப்படவில்லை’ என்று சொல்லத்தான் காட்டுகிறார்கள். கணக்கில் மறுப்பும் ஒன்று, பாராட்டும் ஒன்று. அதற்காக மெக்ஆல்பினுக்குத் தாக்கம் இல்லை என்று சொல்ல முடியுமா? நாற்பது வருடமாக ஆட்களை மறுக்க வைத்திருப்பதும் சாதாரண காரியமில்லை. முந்தாநாள் வரை மறுப்பு மேற்கோளைக் கழித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். இப்போது தனி நெடுவரிசையில் போட்டாலே போதும் என்று தோன்றுகிறது.

மொய் மேற்கோளும் இருக்கிறது. நீ என் கட்டுரைக்கு வைத்தால் நான் உன் கட்டுரைக்கு வைப்பேன். நோட்டில் எழுதி வைத்து, விசேஷம் வந்தால் திருப்பிச் செய்கிற அதே மொய். இதைப் பிடிப்பது சுலபம், இரண்டு பெயருக்கும் நடுவில் போக்கும் வரத்தும் சமமாக இருக்கும்.

1956 கட்டுரைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதன் சங்கதி இது: வெவ்வேறு குடும்பத்து மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து இலக்கணத்தில் ஒன்றுபோல் ஆகிவிட்டன, இந்தியாவில் அதைச் சான்றோடு காட்டலாம் என்றார். இருபது வருடம் கழித்து 1976-ல் காலின் மசிக்கா அதை ஒரு முழுப் புத்தகமாக விரித்தார். இன்று அந்தக் கருத்து பாடப்புத்தகத்தில் இருக்கிறது, தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வருகிறது. பாடப்புத்தகத்துக்குப் போய்விட்ட கருத்துக்கு மேற்கோள் காட்டுவதைப் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: கருத்து எல்லோருடைய சொத்தாகிவிட்டால் கொடுத்தவர் மறைந்துபோவார். அதாவது தாக்கம் ஒரு எல்லையைத் தாண்டினால் எண் குறைய ஆரம்பிக்கலாம்.

ஜூன் 14

வலைப்படம். ‘பர்ரோவை விட்டால் ஆளே இல்லை’ என்றீர்கள்.

முதலில் பர்ரோ கோட்டையே சரியாகப் போடுங்கள். 1961 அகராதி. 1962-ல் இந்தோ-ஆரியத்திலிருந்து திராவிடம் வாங்கிய சொற்கள் பற்றிய நூல். 1968-ல் அகராதிக்குப் பின்னிணைப்பு. 1972-ல் சொற்பிறப்புக் குறிப்புகள். 1984-ல் இரண்டாம் பதிப்பு. ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டில் சமஸ்கிருதப் பேராசிரியர், இன்னொருவர் கலிஃபோர்னியாவில் பெர்க்லியில். இருபத்து மூன்று வருடம் ஒரு வேலை. வெறும் ஒரு கோடு இழுத்தால் அது தெரியாது.

ஒப்பிட ஒன்று. 2018-ல் விஷ்ணுப்ரியா கோலிப்பாக்கம் முதலிய ஏழு பேர் திராவிட மொழிக் குடும்பத்தின் வயதைக் கணித்துக் கட்டுரை எழுதினார்கள். 20 மொழிகள், பேசுகிறவர்களிடமே திரட்டிய சொற்கள், விடை ஏறக்குறைய 4500 ஆண்டுகள். நல்ல வேலை, பத்திரிகைகளிலும் வந்தது. ஏழு பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 21 கோடு. ஒரே கட்டுரையில் 21. பர்ரோ-எமனோவுக்கு ஐந்து வெளியீட்டுக்கும் சேர்த்து ஒரே கோடு. வலைப்படத்தில் எது பெரிய கூட்டாய்வாகத் தெரியும்?

மார்க் நியூமன் 2001-ல் சொன்ன எடையைப் போடுங்கள். ஒரு வெளியீட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும், ஆசிரியர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதன் கீழ் ஒன்று. ஏழு பேர் கட்டுரையில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறில் ஒன்று. இருவர் நூலில் முழு ஒன்று, ஐந்து நூலுக்கு ஐந்து. இப்போது பர்ரோ-எமனோ கோடு வடக்கயிறு மாதிரி தடிக்கும்.

அதற்கப்புறம் இரண்டாம் சுற்று. பர்ரோவிலிருந்து சுதிபூஷண் பட்டாச்சார்யாவுக்கு ஒரு கோடு: 1953-ல் பார்ஜி மொழி நூல், 1970-ல் பெங்கோ மொழி நூல். ஆக எமனோவுக்கும் பட்டாச்சார்யாவுக்கும் இரண்டு கோட்டுத் தூரம். கிருஷ்ணமூர்த்தி 1983-ல் லிங்கன் மோசஸ் என்ற புள்ளியியலாளர், டக்ளஸ் டான்ஃபோர்த் ஆகியோரோடு ‘லாங்குவேஜ்’ இதழில் எழுதினார். ஆறு மொழிகளைக் குடும்ப மரமாக நிறுத்த 945 விதம் உண்டு, அதில் எது பொருந்தும் என்று ஒரு மொழியியல்காரர் புள்ளியியல்காரரிடம் போய் உட்கார்ந்த காலம் அது. 2018 கட்டுரையின் தாத்தா என்று அதைச் சொல்வேன்.

கிருஷ்ணமூர்த்திக்கும் எமனோவுக்கும் கூட்டு நூல் என்று எனக்குத் தெரிந்து பெரிதாக இல்லை. ஆனால் அகராதிக்குள் கொண்டா மொழிச் சொற்களைப் பாருங்கள், அவருடைய பெயர்ச்சுருக்கம் அடைப்புக்குள் நிற்கும். பார்ஜிச் சொல் பட்டாச்சார்யாவோடு போய்த் திரட்டியது. கோத்தர், தோடர் சொற்கள் எமனோ தானே நீலகிரியில் எழுதிக்கொண்டவை. அட்டையில் இரண்டு பெயர், உள்ளே ஒரு கூட்டம். கூட்டாய்வைப் பற்றி எழுதுகிறவர் அட்டையோடு நின்றுவிட்டால் எப்படி?

ஜூன் 5-ல் முதல் ஆசிரியர் வழக்கத்தால் எமனோவுக்கு நஷ்டம் என்றேன். பர்ரோ பக்கமும் ஒரு தொல்லை இருக்கிறது. அவருடைய 1955 சமஸ்கிருத மொழி நூலைக் காட்டுகிறவர்களும் அதே பெயரில் வந்து கலந்துவிடுவார்கள். நூல்வாரியாகப் பிரித்து எண்ணுங்கள்.

ஜூன் 15

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு சுல்லி நினைவுக்கு வந்தார்.

எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் களப்பணி செய்தார். நீலகிரியில் கோத்தர் மொழியைக் கற்றுக்கொண்டது சுல்லி என்ற கோத்தரிடம். ஆங்கிலம் படித்தவர். அதே சமயம் அங்கே வேலை செய்த மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாமுக்கும் அவர்தான் துணை, பின்னால் மாண்டல்பாம் அவரைப் பற்றித் தனியாகவே எழுதினார். நான்கு பாகக் கோத்தர் கதைகளின் வாய் சுல்லியுடையது, கை எமனோவுடையது. நூலாசிரியர் பெயர் ஒன்றுதான்.

அந்தக் காலத்து வழக்கம் அது, எமனோவைக் குற்றம் சொல்ல வரவில்லை, அவர் பெயரை மறைக்கவும் இல்லை. ‘தகவலாளர்’ என்று முன்பக்கத்தில் வருகிறவர் அட்டவணையில் வரமாட்டார் என்பதுதான் சங்கதி. கூட்டாய்வு என்று தளங்கள் எண்ணுவது சக ஆசிரியர்களை மட்டும். களப்பணி மொழியியலில் மிக நெருக்கமான கூட்டு, நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வினைமுற்றைப் பத்து விதமாகச் சொல்லிச் சொல்லி எழுதுகிற கூட்டு, எங்கேயும் பதிவாவதில்லை. நானும் களத்துக்குப் போயிருக்கிறேன். கதை சொன்ன பாட்டியின் பெயரை நன்றியுரையில் போட்டேன். ஆசிரியராகப் போட்டிருக்கலாமே என்று இன்றைக்கு யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது சில ஆவண மொழியியல்காரர்கள் கதைசொல்லிகளை இணையாசிரியராகவே போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஜூன் 16

‘சுல்லிக்கு எச்-இண்டெக்ஸ் 4’ என்று யாரோ போட்டிருக்கிறீர்கள். நான்கு பாகத்துக்கும் நாலு மேற்கோளாவது வந்திருக்கும் என்ற கணக்கில், தப்பில்லை.

ஜூன் 21

வரைபடம் அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். பர்ரோ கோடு தடிமனாக வந்திருக்கிறது. இரண்டாம் சுற்று சரி. பத்து ஆய்வேட்டு அட்டவணையில் ஏழில் அகராதி வருகிறது, அந்த ஏழில் ஒன்றுகூட கூகுள் ஸ்காலரில் இல்லை என்று கண்டிருக்கிறீர்கள். அதை முதல் இயலுக்குக் கொண்டுபோங்கள், பின்னிணைப்பில் புதைக்காதீர்கள். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்த எழுத்துக்கூட்டலில் தேடினீர்கள் என்றும் அங்கேயே எழுதுங்கள். தேதி இல்லாத சைட்டேஷன் எண் செல்லாது, அடுத்த வாரமே மாறிவிடும்.

சுல்லியை வலைப்படத்தில் போட வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை, ‘அவர் ஆசிரியர் இல்லை, விதிப்படி வராது’ என்கிறார் என்றீர்கள். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இணையாசிரியர் வலை என்று தலைப்புப் போட்டுவிட்டு ஆசிரியர் அல்லாதவரைப் போட்டால் புறத்தேர்வாளர் பிடித்துக்கொள்வார். தலைப்பை ‘ஆய்வுக் கூட்டுறவு வலை’ என்று மாற்றுங்கள். சக ஆசிரியர் கோடு முழுக் கோடு, தரவு தந்தவர் கோடு புள்ளிக் கோடு என்று கீழே விளக்கம் போடுங்கள். கொண்டா, பார்ஜிக்காரர்களும் அந்தப் புள்ளிக் கோட்டில் வந்துவிடுவார்கள். அப்படியும் மறுத்தால் கோத்தர் கதைகள் முதல் பாகத்தை நூலகத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோய் முன்பக்கங்களைத் திறந்து வையுங்கள்.

எச்-இண்டெக்ஸ் கட்டத்தில் என்ன போடுவது என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று தளத்தில் மூன்று எண் வந்திருக்கிறது அல்லவா, மூன்றையும் போடுங்கள்.